நெமெசிஸ் யார்? சிம்ம சொப்பனத்துக்கும் அவளுக்கும் உள்ள தூரம்

ஆங்கில விளையாட்டுச் செய்திகளில் 'நெமெசிஸ்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரே பந்துவீச்சாளரிடம் திரும்பத் திரும்ப ஆட்டமிழக்கும் மட்டையாளர், ஒரே அணியிடம் ஒவ்வொரு கோப்பையிலும் தோற்கும் அணி, ஒரே வேட்பாளரிடம் தொகுதியை இழக்கும் அரசியல்வாதி என்று எல்லா இடத்திலும் எதிரில் நிற்பவரை அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். தமிழில் அதைத் தரும்போது சிலர் 'சிம்ம சொப்பனம்' என்கிறார்கள், சிலர் 'பரம எதிரி' என்கிறார்கள், சிலர் 'எமன்' என்றே எழுதிவிடுகிறார்கள். வாசகருக்கு மூன்றும் ஒன்றா என்று குழப்பம் வருவது இயல்பு. மூன்றும் வேறு வேறு. மூலச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருளோ இந்த மூன்றிலும் இல்லை.

அந்தச் சொல் ஒரு கிரேக்கப் பெண் தெய்வத்தின் பெயர். அவள் யாருக்கும் போட்டியாளர் அல்ல.

இன்றைய பொருள் இரண்டு

1. வெல்ல முடியாத எதிராளி. இங்கிலாந்தின் மைக் ஆதர்ட்டனை ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ரா டெஸ்ட் போட்டிகளில் 19 முறை ஆட்டமிழக்கச் செய்தார். பிரெஞ்சு ஓபன் டென்னிஸில் ரோஜர் ஃபெடரரும் ரஃபேல் நடாலும் 2005 முதல் 2019 வரை 6 முறை மோதினார்கள். 6 முறையும் நடாலே வென்றார். இப்படிப்பட்ட எதிராளிக்குத்தான் இன்று அந்தப் பெயர்.

2. தகுதிக்கு மீறி ஆடியவருக்கு வந்து சேரும் தண்டனை, அல்லது அந்தத் தண்டனையைக் கொண்டுவரும் ஆள். கட்டுரைகளிலும் வரலாற்று நூல்களிலும் பெரும்பாலும் இந்தப் பொருள்தான்.

இரண்டாவதுதான் மூத்தது. அதற்கும் முன்னால் இன்னொரு பொருள் உண்டு. அதைப் பிடித்தால்தான் மற்றவை விளங்கும்.

வேர்: பங்கிட்டுக் கொடுத்தல்

நெமெசிஸ் என்பது 'நெமெய்ன்' என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது. உரியதை உரியவருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று அதற்குப் பொருள். அதே வேரிலிருந்து 'நோமோஸ்' வந்தது. அது முறை, வழக்கம், சட்டம். எகானமி என்ற சொல்லின் பின்பாதியும் அஸ்ட்ரானமி என்ற சொல்லின் பின்பாதியும் அந்த நோமோஸ்தான்: ஒன்று வீட்டை நடத்தும் முறை, மற்றது விண்மீன்களின் முறை. மேய்ச்சல் நிலம் தேடி அலைபவரைக் குறிக்கும் 'நோமட்' கூட இந்தக் குடும்பம்தான். மேய்ச்சலுக்கென நிலத்தைப் பங்கிட்டதிலிருந்து வந்த பொருள் அது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் பிடிபடும். ஓர் இலையில் மூன்று வடை விழுகிறது. பக்கத்து இலையைத் தாண்டிப் போய்விடுகிறார் பரிமாறுபவர். வரிசை முழுக்க ஒரு முணுமுணுப்பு எழும். வடை கிடைக்காதவர் மட்டுமல்ல, கிடைத்தவர்களும் "அங்கே விட்டுப் போச்சே" என்பார்கள். பங்கு தவறியதைப் பார்த்து எழும் அந்த முணுமுணுப்புதான் முதலில் நெமெசிஸ்.

தமிழுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. தொல்காப்பியம் 'பால்வரை தெய்வம்' என்ற சொல்லைத் தருகிறது. பால் என்றால் பகுதி, பங்கு. அதை வரையறுத்துத் தரும் தெய்வம் பால்வரை தெய்வம். திருக்குறளின் ஊழ் அதிகாரத்தில் 'வகுத்தான் வகுத்த வகையல்லால்' என்று வரும் வகுத்தானும் அவரே. கிரேக்கமும் தமிழும் விதியைப் பற்றிப் பேச 'பங்கு' என்ற ஒரே படிமத்தைத் தொட்டிருக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். பால்வரை தெய்வம் முன்கூட்டியே பங்கை வகுத்துவிடுகிறது. நெமெசிஸோ வகுத்த பங்கை ஒருவர் தாண்டும்போது கோபத்தோடு எழுந்து வருகிறாள்.

உணர்ச்சியாக இருந்த காலம்

ஹோமரின் காவியங்களில் நெமெசிஸ் இன்னும் தெய்வம் ஆகவில்லை. பொதுச் சொல்லாகவே வருகிறது. தகாததைக் கண்டு மனிதர்களுக்கு எழும் கோபம் அது. தமிழில் 'அறச்சீற்றம்' என்று நாம் சொல்வது அதற்கு மிக அருகில் நிற்கிறது.

இலியட்டின் மூன்றாம் பகுதியில், டிராய் நகரக் கோட்டை வாயிலின் மேல் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள், போருக்கே காரணமான அழகி ஹெலன் நடந்து வருவதைப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஒருத்திக்காக இரு தரப்பும் இத்தனை காலம் துன்பப்படுவதில் 'நெமெசிஸ் இல்லை' என்று தங்களுக்குள் மெல்லச் சொல்லிக்கொள்கிறார்கள். அதாவது, இதைக் குறை சொல்ல முடியாது என்கிறார்கள். அங்கே எதிரியும் இல்லை, தண்டனையும் இல்லை. ஊர் வாயில் வரும் பழிச்சொல்தான் நெமெசிஸ்.

பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் அவளை இரு விதமாகக் காட்டுகிறார். தெய்வங்களின் பிறப்பைச் சொல்லும் பாடலில் அவள் இரவின் மகள், மனிதருக்குத் துன்பம். உழவையும் நாட்களையும் பற்றிய பாடலில் அவளுடன் 'அய்டோஸ்' என்று இன்னொருத்தி வருகிறாள். அய்டோஸ் என்றால் நாணம். திருக்குறள் நாணுடைமை என்று பேசும் அதே நாணம், தகாத செயலுக்குக் கூசுவது. இரும்பு யுகத்தின் முடிவில் இந்த இருவரும் வெள்ளை ஆடையால் உடலைப் போர்த்திக்கொண்டு, மனிதர்களைக் கைவிட்டு ஒலிம்பஸ் மலைக்குப் போய்விடுவார்கள் என்கிறார் ஹெசியோட். நாணம் தவறு செய்பவனை உள்ளிருந்து தடுப்பது, நெமெசிஸ் பார்ப்பவனிடமிருந்து வரும் கண்டனம். இரண்டும் போய்விட்டால் தீமையைத் தடுக்க எதுவும் மிஞ்சாது என்பது அவர் வாதம். இந்தச் சொல்லைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்வளவு துல்லியமான இடம் வேறில்லை.

அரிஸ்டாட்டில் இதை ஒழுக்க இயலாக வரையறுத்தார். அவர் கணக்கில் மூன்று நிலைகள்:

1. அழுக்காறு உள்ளவன் யார் நன்றாக இருந்தாலும் வருந்துவான்.
2. தீய மகிழ்ச்சி உள்ளவன் பிறர் கெடும்போது களிப்பான்.
3. நெமெசிஸ் உள்ளவன் தகுதியற்றவன் நன்றாக இருந்தால் மட்டும் வருந்துவான். இதுவே நடுநிலை.

ஆக, கிரேக்கருக்கு இது முதலில் ஒரு நற்பண்பு.

ஹூப்ரிஸ்: செருக்கு என்று சுருக்கினால் போதாது

நெமெசிஸோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் சொல் ஹூப்ரிஸ். 'ஆணவம்' என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் ஏதென்ஸில் ஹூப்ரிஸ் வழக்குத் தொடரக்கூடிய குற்றம். இன்னொருவரை இழிவுபடுத்தி அதில் இன்பம் காண்பதற்காகச் செய்யும் செயல் அது. புகழ்பெற்ற பேச்சாளர் டெமோஸ்தெனஸ், திருவிழாவில் தன் குலத்தின் பாடற்குழுவுக்குப் பொறுப்பேற்று நின்றபோது, மெய்டியாஸ் என்ற செல்வந்தர் நாடக அரங்கில் எல்லோரும் பார்க்க அவர் முகத்தில் குத்தினார். அதை எதிர்த்து டெமோஸ்தெனஸ் எழுதிய உரை இன்றும் இருக்கிறது. அடி பட்டதைவிட, அடித்தவனின் நிற்கும் விதமும் பார்வையும் குரலும்தான் பொறுக்க முடியாதவை என்று அதில் வாதிடுகிறார்.

உள்ளுக்குள் பெருமைப்படுவது வேறு, அடுத்தவருடைய பங்கான மானத்தில் கை வைப்பது வேறு. நெமெசிஸ் எழுவது இரண்டாவதற்குத்தான்.

அவள் வரும் கதைகள்

கதைகளில் நெமெசிஸ் நேரடியாகப் போர் செய்வதில்லை. யாரையும் அடித்து வீழ்த்துவதும் இல்லை.

ஒரு பழைய மரபில் ஹெலனின் தாயே அவள்தான். தெய்வங்களின் அரசன் சீயஸ் அவளைத் துரத்துகிறான். அவள் மீனாகவும் நிலத்து விலங்குகளாகவும் உருமாறி ஓடுகிறாள். கடைசியில் அவள் வாத்தானபோது அவன் அன்னமாகி அவளை அடைகிறான். அவள் இட்ட முட்டை ஸ்பார்ட்டாவின் அரசி லீடாவிடம் சேர, அதிலிருந்து ஹெலன் பிறக்கிறாள். ஹெலனால் டிராய்ப் போர். லீடாவே தாய் என்ற கதைதான் பிற்பாடு பரவலானது. ஆனால் நெமெசிஸ் தாயாக இருக்கும் வடிவத்தில்தான் அந்தப் போரின் பொருள் முழுமையாகிறது: அத்துமீறலிலிருந்து பிறந்த மகள் ஒரு தலைமுறையையே அழிக்கிறாள்.

நார்சிஸஸ் கதை பலருக்கும் தெரியும். தன்னை விரும்பியவர்களை எல்லாம் இகழ்ந்து ஒதுக்கிய அழகன். ஒதுக்கப்பட்ட ஒருவன் கையேந்தி வேண்டுகிறான்: "இவனும் இப்படியே காதலிக்கட்டும், காதலித்தது கிடைக்காமல் போகட்டும்." ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் வடிவத்தில் அந்த வேண்டுதலுக்குச் செவிசாய்ப்பவள் நெமெசிஸ். குளத்து நீரில் தன் முகத்தையே பார்த்து அவன் உருகி அழிகிறான். தண்டனை, குற்றத்தின் அதே அளவு, அதே வடிவம். மற்றவருக்கு அவன் கொடுத்த ஏக்கம் அவனுக்குத் திரும்பி வந்தது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் குரோய்சஸ் கதை இவற்றையெல்லாம்விட ஆழமானது. குரோய்சஸ் லிடியாவின் அரசன், செல்வத்துக்குப் பேர் போனவன். ஏதென்ஸிலிருந்து வந்த அறிஞர் சோலனிடம் தன் கருவூலங்களைக் காட்டிவிட்டு, உலகிலேயே இன்பமானவன் யார் என்று கேட்கிறான். தன் பெயர் வரும் என்று எதிர்பார்க்கிறான். சோலன் வேறு பெயர்களைச் சொல்கிறார். அவர் போன பிறகு, தன்னை எல்லோரிலும் இன்பமானவனாக நினைத்துக்கொண்டதால், தெய்வத்திடமிருந்து பெரிய நெமெசிஸ் குரோய்சஸைப் பிடித்தது என்று எழுதுகிறார் ஹெரோடோட்டஸ்.

அது வந்த விதத்தைப் பாருங்கள். மகன் ஆட்டிஸ் இரும்பு முனையால் சாவான் என்று அரசனுக்குக் கனவு. ஈட்டி, வேல் எல்லாவற்றையும் ஆண்களின் அறைகளிலிருந்து அப்புறப்படுத்தி ஓர் உள்ளறையில் குவிக்கிறான். மகனைப் படையெடுப்புகளுக்கு அனுப்புவதில்லை. அப்போது ஒரு காட்டுப் பன்றி வயல்களை அழிக்கிறது. "பன்றிக்கு ஏது இரும்பு முனை?" என்று மகன் கேட்க, அரசனால் மறுக்க முடியவில்லை. காவலாக ஒருவனை உடன் அனுப்புகிறான். அவன் அறியாமல் தன் உடன்பிறந்தவனைக் கொன்றுவிட்டு நாடு கடத்தப்பட்டு வந்தவன். குரோய்சஸே அவனுக்குப் பழி நீக்கி அடைக்கலம் கொடுத்திருந்தான். அவன் எறிந்த ஈட்டி பன்றிக்குத் தவறி ஆட்டிஸைத் துளைத்தது. அந்தக் காவலனின் பெயர் அட்ராஸ்டோஸ், 'தப்ப முடியாத' என்ற பொருளுடைய பெயர். அதன் பெண்பால் வடிவமான அட்ராஸ்டெய்யா நெமெசிஸின் இன்னொரு பெயர்.

அட்ராஸ்டோஸ் அரசனின் எதிரி அல்ல. நன்றிக்கடன் பட்டவன். கொல்ல நினைக்காதவன். குரோய்சஸ் அவனை மன்னித்தும், அவன் ஆட்டிஸின் கல்லறை மீதே உயிரை விட்டான்.

ராம்னூஸ்: கல்லும் சிலையும்

நெமெசிஸின் பெரிய கோயில் ஏதென்ஸுக்கு வடகிழக்கே கடலைப் பார்த்த ராம்னூஸ் என்ற ஊரில் இருந்தது. மாரத்தானிலிருந்து கடலோரப் பாதையில் 60 ஸ்டேடியா தூரம், நம் கணக்கில் சுமார் 11 கிலோமீட்டர். கி.மு. 490-இல் பாரசீகப் படை தோற்றது அந்த மாரத்தானில்தான்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே போன பயணி பாசானியஸ் ஒரு கதையைப் பதிந்திருக்கிறார். பாரசீகர்கள் ஏதென்ஸை வெல்வது உறுதி என்று நம்பி, வெற்றிச் சின்னம் செதுக்குவதற்காகப் பாரோஸ் தீவின் பளிங்குக் கல்லைக் கையோடு கொண்டுவந்தார்களாம். அவர்கள் தோற்ற பிறகு அந்தக் கல்லில்தான் நெமெசிஸ் சிலை செதுக்கப்பட்டதாம். இது பிற்காலக் கட்டுக்கதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இன்று கிடைத்துள்ள சிலைத் துண்டுகள் பாரோஸ் பளிங்கு என்பது உண்மை. போருக்கு முன்பே வெற்றித் தூணுக்குக் கல் கொண்டுவருவது எப்படிப்பட்ட செயல் என்று ராம்னூஸ் மக்கள் நினைத்தார்கள் என்பதை அந்தக் கதை நன்றாகவே சொல்லிவிடுகிறது.

சிலையின் தலையில் மான்களும் சிறிய வெற்றித் தேவதைகளும் செதுக்கிய முடி. இடக்கையில் ஆப்பிள் கிளை. வலக்கையில் ஒரு கிண்ணம். பீடத்தில், லீடா ஹெலனை அழைத்துக்கொண்டு நெமெசிஸிடம் வரும் காட்சி, அதாவது வளர்த்தவள் பெற்றவளிடம் மகளைக் கூட்டி வருகிறாள். சிலை பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகளாக உடைக்கப்பட்டது. தலையின் ஒரு துண்டு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிலையைச் செய்தவர் ஃபெய்டியாஸ் என்றார் பாசானியஸ். அவருடைய மாணவர் அகோராகிரிட்டோஸ் என்கிறது இன்னொரு மரபு. இந்த இரண்டாவது மரபை ஒட்டி ரோம எழுத்தாளர் பிளினி தரும் கதையில்தான் 'போட்டியாளர்' முதன்முதலாக எட்டிப் பார்க்கிறார். வீனஸ் சிலை செய்யும் போட்டியில் அகோராகிரிட்டோஸும் அல்கமேனஸும் மோதினார்கள். வேலையின் தரத்தால் அல்ல, உள்ளூர்க்காரர் என்பதால் ஏதென்ஸ் மக்கள் அல்கமேனஸுக்கு வாக்களித்தார்கள். மனம் வெறுத்த அகோராகிரிட்டோஸ், ஏதென்ஸில் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு தன் சிலையை விற்று, அதற்கு நெமெசிஸ் என்று பெயரிட்டாராம். கதையில் பெயர் சூட்டப்பட்டது வென்ற போட்டியாளருக்கு அல்ல, தவறான தீர்ப்புக்குப் பதிலாக நின்ற சிலைக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

கையில் இருக்கும் கருவிகள்

பிற்காலச் சிலைகளிலும் நாணயங்களிலும் அவள் கையில் உள்ள பொருட்கள் அவள் வேலையைச் சொல்கின்றன.

1. முழக்கோல். அளவு மீறியதா என்று பார்க்க.
2. கடிவாளம். ஓட்டத்தை இழுத்துப் பிடிக்க.
3. சக்கரம். மேலிருப்பது கீழே வரும் என்பதற்கு. ரோமர் காலத்தில் சிங்க உடலும் கழுகுத் தலையும் கொண்ட கிரிஃபின் அதன்மேல் பாதம் வைத்திருக்கும்.
4. சில இடங்களில் துலாக்கோலும் வாளும்.

பல சிலைகளில் அவள் தன் ஆடையின் கழுத்தோரத்தை விரலால் சற்றே இழுத்துப் பிடித்திருப்பாள். மார்புத் துணிக்குள் துப்பிக்கொள்ளும் பழக்கத்தை அது குறிக்கிறது. தன்னைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்லிவிட்டால் கிரேக்கர்கள் அப்படித் துப்புவார்கள். திருஷ்டி கழித்துவிட்டு "மூணு தடவை துப்பு" என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துணிந்து ஒன்றைச் சொல்லப்போகும் முன் "அட்ராஸ்டெய்யாவை வணங்கிச் சொல்கிறேன்" என்று தொடங்குவதும் வழக்கம். பிளேட்டோவின் உரையாடலில் சாக்ரடீஸே அப்படித் தொடங்குகிறார்.

ரோமில் அவள் களத்துக்கு வந்தாள்

ரோம் நகரின் கேப்பிட்டோல் குன்றில் அவளுக்குச் சிலை இருந்தும், லத்தீனில் அவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை என்று பிளினி குறிப்பிடுகிறார். மொழிபெயர்க்கத் திணறியவர்களில் நாம் முதலாவது ஆட்கள் அல்ல.

ரோமப் பேரரசின் வட்டரங்குகளில், வாள்வீரர்களும் விலங்கோடு மோதுபவர்களும் உயிரைப் பணயம் வைத்த இடங்களில், அவளுக்குச் சிறு கோயில்கள் எழுந்தன. இங்கிலாந்தின் செஸ்டர் நகர அரங்கில் ஒரு நூற்றுவர் தலைவர், தான் கண்ட காட்சியின் காரணமாக அவளுக்கு வைத்த பலிக்கல் கிடைத்திருக்கிறது. வேல்ஸின் கெயர்லியன் அரங்கில் ஓர் ஈயத் தகடு. அதில் ஒருவர் மேலங்கியையும் ஒரு ஜோடி காலணியையும் நெமெசிஸுக்கு ஒப்படைத்து, அவற்றை அணிந்தவன் தன் உயிரையும் இரத்தத்தையும் கொடுத்தால் ஒழிய மீட்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார். களவு போன பொருளுக்கான சாபம் என்று தோன்றுகிறது. எதிராளியும் அரங்கமும் நெமெசிஸின் பெயரும் ஒரே இடத்தில் சேர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

ஜூலியஸ் சீசரின் பெரும் போட்டியாளர் பாம்ப்பே. எகிப்தில் அவரைக் கொன்று தலையைச் சீசரிடம் கொண்டுவந்தபோது, சீசரால் அதைப் பார்க்க முடியவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் அப்பியன். புதைக்கச் சொல்லி, அந்தச் சிறு நிலத்தை நெமெசிஸுக்கு அர்ப்பணித்தார். வென்றவர் தானே நெமெசிஸ் என்று மார்தட்டவில்லை. அளவு மீறிய வெற்றி தன் பக்கம் வந்துவிட்டதோ என்று அவளுக்கு நிலம் ஒதுக்கினார்.

ஆள் ஆனது எப்போது

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் நுழைகிறது. ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகத்தின் முதல் பாகத்தில், பிரெஞ்சுக்காரர்களை நடுங்க வைத்த ஆங்கிலத் தளபதி டால்பட்டை அவர்களுடைய 'கறுப்பு நெமெசிஸ்' என்று ஒரு பாத்திரம் அழைக்கிறது. அவர் பெயரைச் சொல்லித் தாய்மார்கள் குழந்தைகளை அடக்குவார்கள் என்றும் அதே நாடகத்தில் வருகிறது. தெய்வம் இங்கே ஒரு மனிதனுக்கு அடைமொழி ஆகிவிட்டது.

மனிதனுக்கு ஒட்டியது பொருளுக்கும் ஒட்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1839-இல் கட்டப்பட்ட இரும்பு நீராவிப் போர்க்கப்பலுக்கு நெமெசிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1841-இல் முதல் அபின் போரில் அது சீனாவின் மரக்கப்பல்களைச் சிதறடித்தது. அபின் விற்கும் உரிமைக்காகப் போரிட்டவர்கள், அத்துமீறியவரைத் தண்டிக்கும் தெய்வத்தின் பெயரைத் தங்கள் கப்பலுக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சொல்லின் வரலாற்றில் இதைவிடக் கேடான பயன்பாடு எதுவும் தென்படவில்லை.

1984-இல் வானியலாளர்கள் சிலர் சூரியனுக்குக் கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று இருக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். சுமார் 2.6 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை அது வால்மீன்களைக் கலைத்துப் பூமியின்மேல் ஏவுகிறது, அதனால் உயிரினங்கள் கூட்டாக அழிகின்றன என்பது கருதுகோள். அதற்கும் நெமெசிஸ் என்றே பெயர். அகச்சிவப்பு விண்கலங்கள் வானம் முழுவதையும் துழாவியும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

20-ஆம் நூற்றாண்டில் துப்பறியும் கதைகளும் படக்கதைகளும் ஒவ்வொரு நாயகனுக்கும் ஓர் இணை எதிரியைக் கொடுத்தன. அந்த எதிரிக்கு இந்தச் சொல் நிலைத்தது. விளையாட்டுப் பக்கம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது. இடையில் கழன்று விழுந்தது ஒன்றே ஒன்று: குற்றம். மெக்ராவிடம் 19 முறை ஆட்டமிழக்க ஆதர்ட்டன் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை.

சிம்ம சொப்பனம்: வேறு ஊர், வேறு கதை

சிம்மம் சிங்கம், சொப்பனம் கனவு. யானை தன் கனவில் சிங்கத்தைக் கண்டால் அந்த அச்சத்திலேயே உயிரை விட்டுவிடும் என்பது பழைய நம்பிக்கை. கோயில் தூண்களில் யானையின்மேல் பாயும் சிங்கத்தையும் யாளியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது.

இந்தச் சொல்லுக்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன. முதலாவது, அஞ்சுபவர் யானை. எளியவரை நடுங்க வைப்பவர் சிம்ம சொப்பனம் ஆகமாட்டார், பெரியவரை நடுங்க வைக்க வேண்டும். அடுத்தது, சிங்கம் நேரில் வர வேண்டியதே இல்லை. நினைப்பே போதும். கடைசியாக, சிங்கத்துக்கு யானைமேல் வழக்கு எதுவும் கிடையாது. யானை எந்தத் தவறும் செய்யவில்லை. அது இயற்கைப் பகை.

2023-இல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் 163 ஓட்டங்களும், அதே ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் 137 ஓட்டங்களும் எடுத்து இந்தியாவைத் தோற்கடித்த டிராவிஸ் ஹெட்டை 'சிம்ம சொப்பனம்' என்றால் மிகச் சரி. இந்தியா வலுவான அணி, அவர் பெயரைக் கேட்டாலே கலக்கம், வழக்கு ஏதும் இல்லை. இன்றைய ஆங்கில நெமெசிஸுக்கு, விளையாட்டைப் பொறுத்தவரை, இதைவிட நல்ல தமிழ்ச் சொல் தேட வேண்டாம்.

எங்கே எந்தச் சொல்

மொழிபெயர்க்க உட்காரும்போது இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

1. வீழ்ந்தவர் முன்பு ஏதாவது அத்துமீறல் செய்தாரா? இல்லையென்றால் விதி, வினை, எமன் எதையும் கொண்டுவர வேண்டாம். சிம்ம சொப்பனம் போதும்.

2. இருவரும் மாறி மாறி வெல்கிறார்களா? அப்படியானால் அது நெமெசிஸே அல்ல. 'பரம வைரி', 'ஜென்ம விரோதி' என்று எழுதலாம். இந்தச் சொற்களில் பகையின் நீளம்தான் இருக்கிறது, முடிவு இல்லை.

3. அத்துமீறல் உண்டு, ஆனால் தண்டிப்பவர் என்று ஆள் யாரும் இல்லையா? அங்கே 'வினைப்பயன்'. சிலப்பதிகாரம் 'ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்' என்கிறது. 'உருத்து' என்ற சொல்லில் சினமும் இருக்கிறது என்பதால் நெமெசிஸுக்கு இது இன்னும் நெருக்கம்.

4. அத்துமீறலும் உண்டு, அதற்கென்றே வந்து நிற்கும் ஆளும் உண்டா? இதுதான் முழுமையான நெமெசிஸ். 'அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்று' ஆகும் என்ற தொடர் சொல்வது இதைத்தான். இங்கே 'கூற்று', 'எமன்', 'காலன்' எல்லாம் பொருந்தும். விளையாட்டுச் செய்தியில் இவற்றைப் போட்டால் மட்டும் மிகையாகிவிடும்.

பொதுவாக நடக்கும் பிழை, நான்காவது இடத்தில் முதலாவது சொல்லைப் போடுவது. மகாபாரதத்தை வைத்துப் பார்த்தால் அதன் விளைவு தெரியும். அர்ஜுனனும் கர்ணனும் சம பலமுள்ள போட்டியாளர்கள், பரம வைரிகள். பீஷ்மருக்குச் சிகண்டி அப்படியல்ல. காசி அரசன் மகள் அம்பையைச் சுயம்வரத்திலிருந்து பீஷ்மர் தூக்கி வந்தார். அவள் மனத்தில் வரித்திருந்த சால்வன் பிறகு அவளை ஏற்கவில்லை. பரசுராமரே போரிட்டும் பீஷ்மரை வெல்ல முடியவில்லை. தவமிருந்து, உயிர் விட்டு, துருபதன் வீட்டில் சிகண்டியாக மறுபடி பிறந்து, போரின் பத்தாம் நாள் தேரின் முன்னால் வந்து நின்றாள். பீஷ்மர் வில்லைத் தாழ்த்தினார்.

வில்வித்தையில் சிகண்டி பீஷ்மருக்கு அருகில்கூட வரமுடியாது. பீஷ்மர் உடலைத் துளைத்த அம்புகளை அர்ஜுனனுடையவை என்று அவரே அடையாளம் சொல்கிறார். அவருக்குச் சிகண்டி ஒருபோதும் சிம்ம சொப்பனமாக இருந்ததில்லை. பயந்து அவர் வில்லைத் தாழ்த்தவில்லை. எதிரே நிற்பது யார் என்று தெரிந்துதான் தாழ்த்தினார்.